தங்கராசுவின் கார்டுகளில் காணாத நாலு ஸ்டாம்பு

1. புகார்

ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது என் ஆபீஸ் மேல் முதல் புகார் வந்தது. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் அதுவரை ஒரு மெமோ வாங்கியதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. கர்வத்தைவிடப் பயம் அதிகம். ஆபீஸைப் பூட்டிவிட்டு இருபது அடி நடந்து, திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான்.

தபால் இலாகாவில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் ஓய்வுபெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் செய்த தப்பை நான்தான் எழுத வேண்டும்.

கொல்லிமலைமேல் ஒரு சின்ன சப் ஆபீஸ். பெயர் வேண்டாம். நான் ராசிபுரத்துக்காரி. மூன்று வருஷம் என்று சொல்லி மலைக்குப் போட்டார்கள், அங்கேயே தங்கிவிட்டேன். ஆபீஸில் போஸ்ட் மாஸ்டர் நான் ஒருத்தி. மெயில் கேரியர், டெலிவரி இரண்டுக்கும் சேர்த்து சீரங்கன் ஒருவர். மலையிலேயே பிறந்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், எட்டு வருஷமாக என்னோடு வேலை பார்த்தவர்.

வேலை இப்படித்தான் நடக்கும். மத்தியானம் சேந்தமங்கலத்திலிருந்து வருகிற பஸ்ஸில் தபால் பை ஏறி வரும். சீரங்கன் கண்டக்டரிடம் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். நான் சீல் பார்த்துப் பிரிப்பேன். ஊர் வாரியாக அடுக்கி, கட்டுக் கட்டி வைப்பேன். மறுநாள் காலை சீரங்கன் கட்டுகளை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போவார்.

அந்தக் கட்டுகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று வெளிநாட்டுக் கார்டு இருக்கும். எல்லாம் ஒரே ஆளுக்கு. குண்டனி நாடு என்று மலையில் சொல்கிற ஊர்க்கூட்டத்தில் மிளகும் மரவள்ளியும் போடுகிற தங்கராசுவுக்கு. போனில் ஏதோ ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். முகம் தெரியாத ஒருவருக்கு நாம் ஒரு கார்டு போட வேண்டும், வேறொரு முகம் தெரியாதவர் நமக்கு ஒன்று போடுவார். டவர் கிடைக்கிற பாறையில் ஏறி உட்கார்ந்து விலாசங்களைத் தாளில் எழுதிக்கொண்டு ஆபீஸுக்கு வருவார். அறுபது நாட்டுக்கு மேல் சேர்த்திருந்தார். மிளகைக் காயப்போடச் சொன்னால் கடுதாசியைக் காயப்போடுகிறார் என்று அவர் மனைவி கேலி பேசுவாராம். அதை அவரே வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

கார்டு கவருக்குள் வரக்கூடாது. ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை விழுந்து, அப்படியே கை மாறி வந்தால்தான் அது சேர்க்கத் தகுந்த கார்டு. அவர் அனுப்புகிற கார்டுக்கு நான் முத்திரை போடும்போது கவுண்டரில் முட்டிக்கொண்டு நிற்பார்.

"மெதுவா குத்துங்கம்மா. ஸ்டாம்பு மூஞ்சியில வேண்டாமுங்க. வட்டம் பாதி ஸ்டாம்புல விழோணும், பாதி கார்டுல விழோணும்."

அவர் வந்து நின்றால் ஒரு முத்திரைக்கு ஐந்து நிமிஷம் ஆகும். இருந்தாலும் பிடிக்கும். என் முத்திரை பிரேசிலுக்கும் எஸ்தோனியாவுக்கும் போகிறது என்பதில் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது.

புகார் அவர் போட்டதுதான். இணையத்தில் போட்டிருந்தார், டிவிஷன் ஆபீஸிலிருந்து அச்செடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரத்தில் வந்த வெளிநாட்டுக் கார்டுகளில் நாலில் ஸ்டாம்பு இல்லை. பின்லாந்து, பிரேசில், தைவான், பாரோ தீவு. ஸ்டாம்பு இருந்த இடத்தில் முத்திரையின் பாதி வட்டம் மட்டும் இருக்கிறது. தயவுசெய்து கவனிக்கவும்.

பாரோ தீவு என்பது மேப்பில் தேடினால் எறும்பு மாதிரி தெரிகிற இடம். அங்கிருந்து ஒரு கார்டுக்கு அவர் எட்டு மாதம் காத்திருந்தது எனக்குத் தெரியும். அந்தக் கார்டு பையிலிருந்து வந்த அன்று நானே அதைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டாம்பில் நீலக் கடல், அதில் ஒரு பாறை, பாறையில் செம்மஞ்சள் கால் வைத்த ஒரு பறவை. நனைந்திருந்தாலும் ஸ்டாம்பு கார்டில்தான் இருந்தது. நன்றாக ஞாபகம் இருந்தது.

புகார்த் தாளைப் படித்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

2. இன்ஸ்பெக்டர் கேட்டதும் நான் சொன்னதும்

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் மலை ஏறி வந்தார். என் மகன் வயது. கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு வந்திருந்ததால் சீக்கிரம் முடித்துக்கொண்டு இறங்க வேண்டும் என்ற அவசரம் இருந்தது.

"மேடம், நீங்க பையைப் பிரிக்கும்போது இந்த நாலு கார்டுலயும் ஸ்டாம்பு இருந்துச்சா?"

"இருந்தது சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. நானே பாத்தேன்."

"தங்கராசு கைக்குப் போகும்போது இல்ல. நடுவுல யார் கையில இருந்துச்சு?"

நான் சீரங்கனைப் பார்க்கவில்லை. அவர் வெளியே வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தார். "சீரங்கன் சார்" என்றேன். இதுவரைக்கும் நான் சொன்னதில் பொய் இல்லை.

அப்புறம் சொன்னதுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது. வேறு ஏதாவது கவனித்தீர்களா என்று கேட்டார். சீரங்கனுடைய போனின் கண்ணாடிக் கவருக்குள் ஒரு ஜப்பான் ஸ்டாம்பு இருக்கிறது என்றேன். அவரைப் பிடித்துக்கொடுக்க நினைத்து நான் சொல்லவில்லை. ஆபீஸர் கேட்டதற்கு ஒன்றையும் மறைக்கவில்லை என்று இருக்க வேண்டும், அந்தப் பயம்தான்.

அவர் சீரங்கனைக் கூப்பிட்டார். டெலிவரி எப்படிச் செய்கிறாய் என்று கேட்டார். சீரங்கன் உள்ளதைச் சொன்னார். மலையில் ஊர்கள் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஒரு கடிதத்துக்காக ஒரு ஊருக்குப் போய் வர அரை நாள் ஆகும். அதனால் அவசரமில்லாத தபால்களைச் சந்தை நாள்வரை வைத்திருந்து, அந்தந்த ஊர்க்காரர் யாராவது சந்தைக்கு வந்தால் கொடுத்தனுப்புவார். ரொம்ப காலமாக அப்படித்தான். ரூல் புத்தகத்தில் அது இல்லை.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

எனக்குத் தெரியும். எட்டு வருஷமாகத் தெரியும். சந்தை நாளில் ஊர் வாரியாகக் கட்டுக் கட்டிக் கொடுத்ததே நான்தான். இன்னும் ஐந்து மாதம் என்பது மட்டும்தான் அப்போது என் மண்டைக்குள் ஓடியது.

"தெரியாது சார்" என்றேன்.

சீரங்கன் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்பது போல் பார்த்தார்.

3. புட் ஆஃப்

பத்து நாளில் ஆர்டர் வந்தது. புட் ஆஃப் டியூட்டி. விசாரணை முடியும்வரை சீரங்கன் வேலைக்கு வரக்கூடாது. அந்த ஆர்டரை அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியதும் நான்தான்.

படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தோள்பை, ஆபீஸ் சாவி, டெலிவரி ஸ்லிப் கட்டு எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"அம்மா, நீங்களும் அப்படித்தான் நெனைக்கறீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "விசாரணையில எல்லாம் தெளிவாயிரும் சீரங்கன்" என்றேன். தப்பு தங்கள் தலையில் விழாமல் இருக்க ஆபீஸில் இருக்கிறவர்கள் சொல்கிற பதில் அது.

"சரிங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பஸ்ஸுக்குப் போய்ப் பை வாங்குவது என் வேலையாயிற்று. தூரத்து ஊர்க்காரர்கள் ஆபீஸுக்கே வந்து வாங்கிக்கொண்டார்கள். சீரங்கன் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி மரவள்ளி லோடு ஏற்றும் வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள்.

அதைவிட ஒன்று சொன்னார்கள். டெலிவரிக்குப் போகிற ஆளிடம் மலையில் எல்லோரும் ஏதாவது கொடுத்தனுப்புவார்கள். மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, மகள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம், பூட்டிய வீட்டுச் சாவி. சீரங்கன் அத்தனையும் கொண்டுபோய்ச் சேர்ப்பார், ஒன்று தவறியது கிடையாது. இப்போது அவர் அந்த வழியாகப் போனாலும் யாரும் எதுவும் கொடுப்பதில்லையாம். சந்தையில் ஒருவன், "வெளிநாட்டு ஸ்டாம்பு என்ன வெலைக்குங்க போவுது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டானாம். அவர் வாங்கிக்கொண்டிருந்த சாமானைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருந்தது. அவர் போன பிறகு ஒரு ஸ்டாம்பும் காணாமல் போகவில்லை. அதற்குப் பிறகு ஐந்து கார்டு வந்தது, ஐந்திலும் ஸ்டாம்பு இருந்தது. அப்படியென்றால் எடுத்தது அவர்தானே. இப்படி நினைத்துக்கொண்டேன். நினைத்த பிறகும் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் தங்கராசு வந்தார். கவுண்டரில் கார்டு எதையும் வைக்கவில்லை.

"ஏனுங்கம்மா, சீரங்கன வேலைய உட்டு நிறுத்திட்டாங்களாமே, நெசந்தானுங்களா?"

"விசாரணை முடியற வரைக்கும்தான்."

"நான் எழுதுனது ஸ்டாம்பு எங்க போச்சுன்னு கேட்டுங்க. ஆளத் தூக்கச் சொல்லி எழுதலீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நேரா மேல எழுதிட்டீங்களே தங்கராசு."

"எழுதச் சொன்னதே சீரங்கன்தானுங்க." கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டார். "கீழ எவனோ பிய்க்கறான் தங்கராசு, எழுதிப் போடு, உட்டா நம்ம ஆபீசுக்குக் கெட்ட பேராயிரும்னு சொன்னாருங்க. போன் கவர்ல இருக்கற ஜப்பான் ஸ்டாம்பும் நாந்தானுங்க குடுத்தேன். எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு. அத வெச்சுத்தான் அவரப் புடிச்சாங்களாமே. யாருங்க அதப் போயி சொன்னது?"

நான் ஏதோ ரிஜிஸ்டரைத் திறந்தேன். அவர் போன பிறகு இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து ஜப்பான் ஸ்டாம்பு விஷயத்தைச் சொன்னேன். "சரி மேடம், என்கொயரியில பாத்துக்கலாம்" என்றார். என்கொயரி எப்போது என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை.

4. பாவாயியின் கவர்

பாவாயி என்ற வயதான அம்மாள், தங்கராசுவின் ஊர்க்காரர், ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். பேங்கிலிருந்து ஒரு பழுப்பு நிறக் கவர் தனக்கு வந்ததாகவும், படிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் இரண்டு மாதத்துக்கு மேல் முறத்துக்கு அடியில் வைத்திருந்ததாகவும் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்ன போட்டிருக்குதுன்னு பாத்துச் சொல்லு கண்ணு. கணக்க முடிச்சுப் போடுவாங்களோன்னு பயமா இருக்குது."

ஆதார் நகல் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். படித்துச் சொன்னேன். கடிதத்தைத் திரும்பக் கவருக்குள் போடும்போது கவரின் முதுகில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கட்டை விரல் அளவு. ஏதோ லேபிளைக் கிழித்த மிச்சம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதன் விளிம்பு பல் பல்லாக இருந்தது.

முப்பத்து நாலு வருஷம் ஸ்டாம்புத் தாளைக் கிழித்து விற்ற கை இது. அந்தப் பல் என்னவென்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூலை மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் நிமிர்த்தினேன். நீலம். நீலத்துக்கு மேலே செம்மஞ்சளாக ஒரு கால்.

ஸ்டாம்பு குப்புற ஒட்டியிருந்தது.

கவரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். பாவாயி பயந்துபோய், "என்ன கண்ணு, பேங்குல ஏதாவது கெட்டது போட்டிருக்காங்களா?" என்றார். இல்லை, பேங்க் கடிதத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.

நடந்தது என்னவென்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் செய்தது நான்.

ஐப்பசி மழையில் பை நனைந்துதான் வரும். கார்டுகள் ஊறிப்போய், காய்ந்தால் அப்பளம் போல் சுருளும். தங்கராசுவின் கார்டு சுருளக்கூடாது என்று எனக்கு ஒரே கவலை. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு பழைய தராசின் இரும்பு எடைக்கற்கள் மூலையில் சும்மா கிடந்தன. தபாலை ஊர் வாரியாகக் கட்டி, அட்டையை வைத்து, அதன்மேல் ஐந்து கிலோ கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போவேன். காலையில் கார்டு தகடு மாதிரி நேராக இருக்கும். எனக்கு அதில் பெருமை. சீரங்கனிடம்கூடக் காட்டியிருக்கிறேன்.

ஈரத்தில் பசை இளகி ஸ்டாம்பின் ஓரமாகக் கசிந்திருக்கும். கல்லின் பாரத்தில் ஸ்டாம்பு கார்டைவிட்டுப் பக்கத்தில் இருந்த கவரின் முதுகைப் பிடித்துக்கொண்டது. வழவழப்பான கார்டைவிடப் பழுப்புத் தாள் பசைக்குத் தோது. காலையில் சீரங்கன் கட்டைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தபோது ஸ்டாம்பு பாவாயியோடு போய்விட்டது. ஸ்டாம்பின் முகம் உள்ளே, வெள்ளை முதுகு வெளியே. யார் கண்ணுக்கும் படவில்லை.

சீரங்கன் வேலையைவிட்டு நின்ற அதே வாரம்தான் மழையும் நின்றது. வெயில் வந்ததும் நான் கல் வைப்பதை நிறுத்திவிட்டேன். அதனால்தான் அதற்குப் பிறகு ஒன்றும் காணாமல் போகவில்லை.

5. இரண்டு நாள்

பாவாயியிடம் கவரை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அவருக்குக் கடிதம் போதும்.

உடனே இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. செய்யவில்லை. இரண்டு நாள் அந்தக் கவர் என் கைப்பையில் இருந்தது. பஸ்ஸுக்குப் போனாலும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓய்வு பெற மூன்று மாதம்கூட இல்லை. எடைக்கல் வைத்ததைச் சொன்னால் அஜாக்கிரதை. சந்தையில் கொடுத்தனுப்புவது தெரியாது என்று சொன்னது பொய். கடைசி நேரத்தில் சார்ஜ் மெமோ வந்து பென்ஷன் நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆயிற்று. அந்தப் பென்ஷனை நம்பித்தான் நான் இருந்தேன்.

கவரை அடுப்பில் போட்டால் முடிந்தது. பாவாயிக்கு ஒன்றும் தெரியாது. இதை நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். அங்கே எனக்குத் தெளிவு எதுவும் பிறக்கவில்லை. வெளியே வந்தபோது ரோட்டில் மரவள்ளி லாரி ஒன்று போயிற்று. மூட்டைகளுக்குமேல் நாலைந்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் சீரங்கன் இல்லை. ஆனால் ஒவ்வொரு முகமாக அவரைத் தேடினேன். இனி மலையில் எந்த லாரி போனாலும் இப்படித்தான் பார்க்கப்போகிறேன் என்று தெரிந்தது. அங்கிருந்து நேராகத் தங்கராசு வீட்டுக்கு நடந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார், வாங்க என்று மட்டும் சொன்னார். கவரை எடுத்து நீட்டினேன். நகம் நிமிர்த்திய மூலையைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. பிய்க்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இழுக்காதீங்கம்மா, கிழிஞ்சிரும். இதுக்கு ஒரு வழி இருக்குதுங்க."

முதலில் போனில் கவரை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு ஸ்டாம்பைச் சுற்றிக் கவரைக் கத்தரித்து, ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டார். ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் தாளிலிருந்து பிரிப்பது இப்படித்தானாம். அவர் மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஊறியது. பழுப்புத் தாள் தானாக விலகியது. பறவை தண்ணீரில் மிதந்தது.

துணியில் ஒற்றிக் காயவைத்து, ஆல்பத்திலிருந்து பாரோ தீவுக் கார்டை எடுத்து அதன்மேல் வைத்தார். கார்டில் பாதி வட்டம், ஸ்டாம்பில் மீதி வட்டம். நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கோடு கோட்டோடு சேர்ந்தது.

எட்டு மாதம் காத்திருந்த ஸ்டாம்பு கிடைத்ததற்கு அந்த முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"எப்புடிங்கம்மா இது கவர்ல போயி ஒட்டுச்சு?"

சொன்னேன். எடைக்கல்லைச் சொன்னேன். ஜப்பான் ஸ்டாம்பைப் பற்றி இன்ஸ்பெக்டரிடம் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் ஆல்பத்தை எடுத்து மூடினார். அவர் மனைவிதான் பேசினார்.

"இது சீரங்கண்ணனுக்குத் தெரியுமுங்களா?"

"இன்னும் இல்லை."

"அப்பறம் எங்கூட்டுல வந்து என்னத்துக்குங்க சொல்லிட்டிருக்கறீங்க?"

அந்த அம்மாள் கேட்டது நியாயம்.

அந்த வாரச் சந்தையில் தங்கராசுவும் நானும் அவர் ஊர்க்காரர்களைப் பிடித்து, மழைக் காலத்தில் வந்த கவர் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டோம். இரண்டு வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒன்றின் முதுகில் பின்லாந்தும் இன்னொன்றின் முதுகில் தைவானும் குப்புறக் கிடந்தன. பிரேசில் ஒட்டிய கவரை வைத்து யாரோ அடுப்புப் பற்றவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அது கிடைக்கவே இல்லை.

6. என் வாக்குமூலம்

மூன்று பக்கம் எழுதினேன். கல் வைத்தது நான் என்று எழுதினேன். சந்தையில் தபால் கொடுத்தனுப்பும் வழக்கம் எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும், தெரியாது என்று முன்பு சொன்னது பொய் என்று எழுதினேன். அந்த ஒரு வரியை நாலு தடவை அடித்து நாலு தடவை திரும்ப எழுதினேன். மூன்று ஸ்டாம்பையும் படங்களையும் இணைத்து நானே நாமக்கல்லில் இருக்கிற இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், இந்தக் கடைசிப் பாரா வேண்டாமே. ஸ்டாம்பு கிடைச்சதை மட்டும் எழுதுங்க. அவர் எப்படியும் வந்துருவார். உங்களுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு."

"சந்தையில குடுத்தனுப்பினதும் அவர்மேல ஒரு சார்ஜ்தானே சார். இந்தப் பாரா இல்லேன்னா அது அவர்மேலயே நிக்கும்."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். பாராவை அப்படியே விட்டேன்.

அன்று பஸ்ஸில் மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் பென்ஷன் போச்சு, பென்ஷன் போச்சு என்றே தோன்றிக்கொண்டிருந்தது. நல்லது செய்தால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. காய்ச்சல்தான் வந்தது.

சீரங்கன் மூன்று மாதம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். எனக்குச் சார்ஜ் மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தேன், கண்டித்து ஒரு வரி சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. பென்ஷனில் கை வைக்கவில்லை. ஆனால் அது தெரிந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்புதான். அதுவரைக்கும் நான் பட்ட பாட்டை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஆபீஸில் ஒரு பொருள் காணவில்லை என்றால் கடைசியாக அது யார் கையில் இருந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், அது உங்கள் கையில் இருந்தபோது நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அக்கறையோடு செய்ததையும் விடாமல் எழுதுங்கள். நான் அதைத்தான் விட்டுவிட்டேன்.

சீரங்கன் வேலைக்கு வந்த அன்று, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நேராகவே சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டுங்கம்மா. நீங்க எழுதிக் குடுத்ததாலதான் திரும்ப வந்தேன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. பெரிய மனசுங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்கு அன்றுதான் பசி எடுத்தது.

மறுநாள் காலை டெலிவரிக்குக் கட்டை எடுக்க வந்தார். அதில் எஸ்தோனியாவிலிருந்து ஒரு கார்டு இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார், புதுசு. அதில் எழுதினார். எஸ்தோனியா, ஒன்று, ஸ்டாம்பு உண்டு. பிறகு கார்டை என் முன்னால் திருப்பிக் காட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"எதுக்கு சீரங்கன்? நமக்குள்ள இதெல்லாம் வேணுமா?"

"இருக்கட்டுங்கம்மா. நாளைக்கு யாருக்கும் சிரமம் வேண்டாம் பாருங்க."

அவர் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. முன்பு பேசியது போலத்தான் பேசினார். நான் போட்டேன்.

அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கார்டு வந்த ஒவ்வொரு நாளும் அந்த நோட்டு வந்தது. நான் ஓய்வு பெற்ற நாளிலும் தங்கராசுவுக்கு இரண்டு கார்டு வந்திருந்தது. மாலையும் சால்வையுமாகக் கீழிருந்து ஆபீஸர்கள் வந்து காத்திருந்தார்கள். சீரங்கன் அவர்களை விலக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்து, இரண்டு கார்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டி நோட்டை நீட்டினார். பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன்.